சொடக்கு

பேட்டரிக் கடைக்கு மேலே என் அறை.
சூரமங்கலம் மெயின் ரோடு, பதினேழு படி.
ஆள் வந்து கதவைத் தட்டுவதற்குள்
பாதி நோயைப் படி சொல்லிவிடும்:
எந்தக் கால் முதலில் ஏறுகிறது,
கைப்பிடிக் கம்பி எத்தனை முறை அதிர்கிறது,
ஒன்பதாவதில் நின்றாரா,
நின்றது தெரியாமலிருக்க
யாருக்கோ போன் போட்டாரா.

எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான்.
"சொடக்கு எடுத்து விடுங்க மேடம்."
வீடியோவில் பார்த்திருக்கிறார்கள்,
தலையைத் திருப்பி, படக்.
அந்தச் சத்தத்துக்குத்தான் காசு.
சத்தம் வராவிட்டால்
ஏமாந்த மாதிரி இருக்கிறதாம்.

சவரிமுத்துவுக்கு எடுத்தேன்.
ஏற்காட்டு பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு,
ஏறி இறங்கி நாளுக்கு மூன்று நடை.
முப்பத்தாறு வயசு. எலும்பு தேக்கு.
நடுமுதுகில் ஒரு கணு மட்டும்
வளைவில் மாட்டிய லாரி போல
முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல்.
கையைக் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.
மூச்சை விடுங்கள், இன்னும், இன்னும்.
மூச்சு முடிகிற நுனியில்
என் எடையை ஒரு விரற்கடை இறக்கினேன்.
ஏசப்பா, என்றார்.
பிறகு ரோடு திறந்த மாதிரி சிரித்தார்.

அதைக் கேட்டுக்கொண்டே
வெளிப் பெஞ்சில் தங்காயி உட்கார்ந்திருந்தார்.
"எனக்கும் அதே."

பனங்காட்டில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறவர்.
இருபத்தெட்டு வருஷமாய்க் குனிந்த கழுத்து.
எக்ஸ்ரேயைச் சன்னலுக்கு நேரே பிடித்தேன்:
காய்ந்த ஜவ்வரிசி வடாம்.
இதில் போய்ப் படக் என்றால்
உடைவது வலி இல்லை.

வலிக்கும் புள்ளியை ஒரு விரலால் கண்டுபிடித்து,
அது எந்தப் பக்கம் சுருண்டுகொள்ள விரும்புகிறதோ
அந்தப் பக்கமே தலையைச் சாய்த்து
தாங்கிக்கொண்டேன்.
தொண்ணூறு வரை எண்ண வேண்டும்.
அறுபதில் ஒன்றுமில்லை.
எழுபத்தி மூன்றில், விரலுக்கடியில்
ஒரு சின்னத் துடிப்பு.
எண்பதுக்கு மேல்
நனைந்த சணல் முடிச்சு தானாய் நெகிழ்ந்தது.
"எப்ப ஆரம்பிப்பீங்க?" என்றார் தங்காயி.
முடிந்துவிட்டது என்றேன்.
நம்பவில்லை. இன்னும் நம்பவில்லை.
ஆனால் வாராவாரம் வருகிறார்.

ஷாஜிதா டீச்சருக்கு ஏழாம் மாதம்.
குப்புறப் படுக்க முடியாது, மல்லாந்தால் மூச்சு முட்டும்.
ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை.
நீங்கள் தள்ளுங்கள், நான் விடமாட்டேன்,
ஐந்து எண்ணும்வரை.
விடுங்கள். இப்போது கொஞ்சம் தூரம் கூடும்.
இங்கே வேலை பார்ப்பது அவர்.
நான் வெறும் சுவர்.
மூன்றாம் முறை தள்ளும்போது
வயிற்றுக்குள்ளிருந்து என் முன்கையில் ஒரு உதை.
உள்ளே இருக்கிறவருக்கு
இந்த முறையில் உடன்பாடில்லை போல.

வேடியப்பன் நாலாம் படியில் நின்றார்.
ஒன்பதில். பதினொன்றில். பதினான்கில்.
போன் எதுவும் போடவில்லை.

வெள்ளைக்கல் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்.
புருவத்தில் கல்மாவு.
"மூட்டை தூக்குனதுல பிடிச்சிக்கிச்சு, அவ்ளோதான்."
பெல்ட்டில் ஆணியால் புதிதாய்க் குத்திய துளை,
பழைய துளைகளுக்கு மூன்று விரல் தள்ளி.
ராத்திரி எப்படி?
"ராத்திரிதான் ஜாஸ்தி. எப்படிப் படுத்தாலும்."

கையை வைத்தேன்.
வலப்பக்கம் சாய்த்தால் அதே. இடப்பக்கம் அதே.
குனிந்தால், நிமிர்ந்தால், சும்மா இருந்தால்.
என் கைக்குத் தெரிந்த வலிக்கெல்லாம்
ஒரு திசை இருக்கும்.
போக மறுக்கிற பக்கம் ஒன்று,
போக விரும்புகிற பக்கம் ஒன்று.
இதற்கு இல்லை.

கையை எடுத்துவிட்டேன்.
பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்,
ஸ்கேன், ரத்தம், இன்றைக்கே.
இன்றைக்கே என்பதற்கு அடியில் கோடு போட்டேன்.
அவர் இன்னும் சட்டையைப் போடவில்லை.
"தடவியாச்சும் விடும்மா.
எரநூறு ரூவா கொண்டாந்திருக்கேன்."

தடவலாம்.
தடவினால் இரண்டு நாள் நன்றாயிருக்கும்.
அந்த இரண்டு நாளில்
கடிதம் சட்டைப் பையில் வேர்வையில் ஊறிப்போகும்.

சட்டையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.
பணம் வாங்கவில்லை.
அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

இறங்கும்போது எண்ணினேன்.
பதினாறு வரை கேட்டது.
கீழே, கடையில் யாரோ
புது பேட்டரியை மாட்டி
ஹாரனை விடாமல் அழுத்திப் பார்த்தார்கள்.